தனியாகப் பறக்க

மருதையனுக்கு வயிறு எரிந்தது. விமானப் பயிற்சிப் பள்ளியில் அவனுக்குப் பின்னால் சேர்ந்த நவநீதன் போன வாரமே தனியாகப் பறந்துவிட்டான். இறங்கியதும் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடினார்கள். அது அங்கே வழக்கம். மருதையனும் ஒரு வாளி ஊற்றினான். கொஞ்சம் வேகமாகவே ஊற்றினான்.

வங்கி வேலையை விட்டுவிட்டுப் பறக்க வந்தவன் அவன். இன்றும் தனியாக அனுப்பாவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

அவனுக்குப் பயிற்சி தந்தவர் கேப்டன் பியூலா. அவனைவிடப் பத்து வயது இளையவர். அவர் பாடம் எப்போதும் ஒன்றுதான். கண் பெரும்பாலும் வெளியே இருக்க வேண்டும். நடுவே வேகமானியை ஒரு பார்வை, மறுபடி வெளியே. உயரமானியை ஒரு பார்வை, மறுபடி வெளியே. எதிலும் கண்ணை ஒட்டவிடக் கூடாது.

அன்று மருதையன் ஓட்ட, இருவரும் ஓடுபாதையைச் சுற்றிப் பறந்தார்கள். இறங்குவதற்காகத் திரும்பும்போது பியூலா கேட்டார்.

"முன்னாடி போற விமானம் எங்கே இருக்கு?"

"நவநீதன்தானே மேடம்? இன்னைக்கும் ரொம்ப உயரத்துலதான் வர்றான். மூக்கைத் தூக்குறதைப் பாருங்க. இப்படித் தூக்கினா வேகம் போயிடும்."

சொன்னது சரிதான். ஆனால் போய்க்கொண்டிருந்தது இவனுடைய வேகம். பேச்சோடு பேச்சாக இவன் விமானத்தின் மூக்கும் மேலேறியிருந்தது. எச்சரிக்கை ஒலி வீறிட்டது. பியூலா சட்டென்று மூக்கை இறக்கி, இயந்திரத்துக்கு வேகம் கொடுத்தார்.

தரையிறங்கியபின் விமானத்தை ஓரமாக நிறுத்தினார்கள். மருதையனுக்குத் தாங்கவில்லை.

"வெளியேதானே மேடம் பார்த்தேன். நீங்கதானே பார்க்கச் சொன்னீங்க."

"விமானம் எங்கே இருக்குன்னு கேட்டேன். அதை யார் ஓட்டுறாங்கன்னு பார்த்தீங்க."

ஒரு வாரமாக அவன் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தது.

"அவனுக்கு என்னைவிட என்ன மேடம் அதிகம்? இன்னைக்காவது நீங்க இறங்கிட்டு என்னைத் தனியா விடுவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்."

பியூலா இருக்கைப் பட்டையில் கை வைத்தார். கழற்றவில்லை.

"நான் இறங்கத் தயார், மருதையன். ஆனா தினமும் நம்ம கூட நவநீதனும் ஏறி உட்கார்ந்துக்கிறார். முதல்ல அவர் இறங்கட்டும். அப்புறம் நான் இறங்குறேன்."