சத்தம் போடாத தோள்

"எங்கே நிறுத்தணும், மேடம்?" என்று கேட்டார் வேலவேந்தன்.

பத்மாசினி நிமிர்ந்து பார்த்தார். பிசியோதெரபி அறையில் வேறு யாரும் இல்லை. காலையிலிருந்து விடாத மழை.

இருவருக்கும் ஐம்பது வயது இருக்கும். வேலவேந்தன் இந்தத் தொழிலுக்குத் தாமதமாக வந்தவர். பத்மாசினியிடம்தான் கற்றுக்கொண்டார்.

"யாரைப் பத்திக் கேக்குறீங்க?"

"சொர்ணத்தாய் அம்மா."

சொர்ணத்தாய்க்குப் பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. பிறகு ஒருநாள் கீழே விழுந்ததில், மிச்சமிருந்த இடது தோளும் இறுகிப்போனது. பதினோரு நாள் வேலவேந்தன் அவர் வீட்டுக்குப் போய் சிகிச்சை செய்தார். நேற்று ஸ்கேன் வந்தது. தசைநார் புதிதாகக் கிழிந்திருந்தது. இனி அந்தக் கை எழும்பாது என்றுவிட்டார் டாக்டர். மகள்தான் சோறு ஊட்டுகிறாள்.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன், மேடம். கை மேலே போகணும்னா எலும்போட உருண்டை குழிக்குள்ளே கீழே வழுக்கணும். கீழேதான் தள்ளினேன்."

"எவ்வளவு?"

"வலிக்கிற வரைக்கும்."

"வலிச்சா எப்படித் தெரியும்?"

"பேச முடியாட்டாலும் கத்துவாங்கன்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் அவங்க கத்தவே இல்லை."

பத்மாசினி எழுந்துபோய்க் கட்டிலில் படுத்தார். அவருடைய தோளும் ஆறு மாதமாக இறுகிக் கிடந்தது.

"தள்ளுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"வேண்டாம், மேடம்."

"தள்ளுங்க."

வேலவேந்தன் அவர் தோளில் கைவைத்தார். மெல்ல அழுத்தினார். உருண்டை கொஞ்சம் வழுக்கியது. இன்னும் கொஞ்சம்.

விரலுக்கடியில் ஏதோ திரண்டது. எலும்பு அல்ல. சதை. உள்ளே இருந்து ஒருவர் கதவைத் திறக்கவிடாமல் அழுத்திப் பிடிப்பதுபோல.

அவர் பத்மாசினியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே தெரியவில்லை.

கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

அவர் மறுபடி அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இது எனக்குத் தெரியும், மேடம்" என்றார்.

"எப்படி?"

"அந்த அம்மா தோளிலேயும் இருந்தது."

"எப்போ?"

"முதல் நாளே."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

வேலவேந்தன் தன் கட்டைவிரல்களைப் பார்த்தார்.

"எல்லா நாளும், அந்த இடத்துலதான் இன்னும் பலமா அழுத்தினேன்."