இரண்டாவது கத்தி

பாபநாசத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு ஓலைக் கொட்டகை, ஒரு அடுப்பு, பக்கத்தில் ஓடை, அவ்வளவுதான். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சாமியாராவதற்கு முன்னால் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காவி கட்டிய பிறகும் பழைய பேச்சு போகவில்லை. தியானத்தில் யாராவது தூங்கி விழுந்தால், "என்ன, ஸ்டாப்பு வந்துட்டா?" என்று கேட்பார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் கோமதிநாயகம். ஐம்பத்தெட்டு வயது. வாழைத் தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். குருவைவிடச் சீடர் மூத்தவர் என்பதால், இவர் அவரைச் சாமி என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதுவானாலும் ஆளுக்கு ஒன்று. ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு கத்தி. காட்டோரத்தில் கத்தி இல்லாமல் ஒரு பொழுது ஓடாது. சுள்ளி வெட்ட வேண்டும், பாதையில் முள் ஒதுக்க வேண்டும், கிழங்கு சீவ வேண்டும், சாப்பிட இலை அறுக்க வேண்டும். கோமதிநாயகத்தின் பையில் இரண்டு கத்தி இருந்தது.

சாமி இரண்டையும் பார்த்தார்.

"ஒண்ண வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இன்னொண்ண விட்டுருங்க."

"எத வச்சுக்கிட சாமி?"

"எனக்கு என்ன தெரியும்? தூக்கிட்டு அலையப் போறது நீங்க. நல்லாப் பாத்து எடுங்க."

கல்லிடைக்குறிச்சியில் ஒரே பட்டறையில், ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையை இரண்டாக வெட்டி அடித்த கத்திகள் அவை. ஒன்றரைச் சாண் நீளம். மடக்குகிற ஜோலியெல்லாம் கிடையாது, நுனியிலிருந்து பிடிக்குள் வரைக்கும் ஒரே இரும்பு. ஒன்றுக்குப் புளியங்கட்டைப் பிடி, மற்றதற்குக் கருவேலம்பிடி. புளியங்கட்டைப் பிடி போட்டது கோமதிநாயகத்தினுடையது. கருவேலம்பிடி போட்டது அவர் தம்பி சங்கரபாண்டியினுடையது. அதை மட்டும் அவர் சாமியிடம் சொல்லவில்லை.

தம்பி இந்தக் கத்தியைத் தொட்டது ஒரே ஒரு நாள். பல வருஷத்துக்கு முன்னால், இரண்டு கத்தியும் பட்டறையிலிருந்து வந்த அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அடிப்பதற்குள் வாழைக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் கோமதிநாயகம், "பிடிலே" என்று கத்தியைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள். கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை மாறினால் உறவு அறுந்துவிடும் என்று ஒரு பயம்.

அன்றைக்கே அறுந்தது. பாதி வாழை சாய்ந்துபோன எரிச்சலில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். என்னவோ சொல்லப்போய் என்னவோ ஆகி, தம்பி பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். கத்தியைக் கூரை எரவாணத்தில் செருகியபடியே விட்டுவிட்டான்.

இப்போது அவன் கடையத்தில் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறான். கண்காணாத தேசமில்லை, ஒரே பஸ். கோமதிநாயகம் எத்தனையோ தடவை ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறார். பஸ் வரும், நிற்கும், போகும். இவர் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு, அதற்காகவே வந்தவர் மாதிரி வீட்டுக்குத் திரும்புவார். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. மடத்துக்கு வந்தால் அது அடங்கும் என்று நினைத்தார். அது அவருக்கு முன்னாலேயே வந்து பாயை விரித்துப் படுத்திருந்தது.

முதல் நாள் சாயங்காலம் சாமியிடம் போனார்.

"சாமி, புளியங்கட்டைப் பிடி இருக்கே, அதுல கனம் மூக்குப் பக்கம் நிக்குது. சுள்ளி வெட்ட அதுதான் லாயக்கு."

"சரி, அத வச்சுக்கிடுங்க."

"ஆனா கருவேலம்பிடி கைக்குள்ள அடங்குது. கிழங்கு சீவ அதுதான் தோது."

"சரி, அது."

"அதான் சாமி யோசிக்கேன்."

"யோசிங்க."

மறுநாள் மழை. நனைந்த கையில் எது வழுக்காது என்று ஆராய்ச்சி நடந்தது. அதற்கு மறுநாள் எது சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று. சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட இத்தனை குறை நிறை பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் வந்து சொல்வார். ஒவ்வொரு தடவையும், "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் சாமி இருக்கு, அதான் முடிவு பண்ண முடியல" என்று முடிப்பார். சாமியும் தலையை ஆட்டுவார்.

ஒரு நாள் சாமி, "ரெண்டையும் கொண்டாங்க" என்றார்.

கோமதிநாயகம் கொண்டுவந்து ஓடைப் பாறையில் வைத்தார். சாமி அவற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நகர்த்தினார்.

புளியங்கட்டைப் பிடி போட்டது தீட்டித் தீட்டி ஒல்லியாகிப் பாதி அகலத்துக்கு வந்திருந்தது. கருவேலம்பிடி போட்டது பட்டறையிலிருந்து நேற்று வந்த மாதிரி அகலமாக, தேங்காயெண்ணெய் மினுமினுக்கக் கிடந்தது.

"ரெண்டும் ஒண்ணுபோலவா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் பார்த்தார். தினமும் கையில் எடுத்தவைதான். ஆனால் இத்தனை நாளும் அவர் கண்ணுக்கு இரண்டும் பட்டறையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியேதான் தெரிந்தன.

"கருவேலம்பிடி கிழங்கு சீவத் தோதுன்னீங்களே, சீவிப் பாத்தீங்களா?"

"சீவல சாமி."

"மழையில நனைச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல. எண்ணெ மட்டும் போடுவேன். கையில பிடிச்சுக்கிட்டு இருப்பேன். வெட்ட மனசு வரல."

சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாறையில் போட்டு, ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார்.

"கூட்டமான வண்டியில ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்க பாத்திருக்கீங்களா? உக்காரவும் மாட்டாங்க, அடுத்தவன உக்கார விடவும் மாட்டாங்க. 'ஆளு வருது, ஆளு வருது'ம்பாங்க. நீங்க யாருக்கு அண்ணாச்சி சீட்டு பிடிச்சு வச்சிருக்கீங்க?"

அதற்கு மேல் கோமதிநாயகத்தால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்து, எல்லாவற்றையும் சொன்னார். பட்டறை, மழை மேகம், கடையத்து மரக்கடை, ஏறாமல் விட்ட பஸ்கள்.

"கையில குடுத்திருக்கக் கூடாது சாமி. கீழ வச்சிருக்கணும். அந்த ஒரு தப்பு, என் தம்பியக் கொண்டு போயிட்டு."

"கத்தி கைமாறினது எப்ப?"

"மழைக்கு முந்தி."

"அவரு எந்திரிச்சுப் போனது?"

"சாப்பிடும்போது."

"நடுவுல நீங்க என்ன சொன்னீங்க?"

கோமதிநாயகம் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"மேக்கு வரிசைக்கு முந்தியே முட்டுக் குடுத்திருக்கலாம்னு சொன்னான். அதுக்கு நான், 'என் சோத்தத் தின்னுட்டு எனக்கே புத்தி சொல்லுதியாலே'ன்னு கேட்டேன்."

"அந்தச் சொல்லக் கீழ வச்சீங்களா, கையில குடுத்தீங்களா?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோமதிநாயகம் ஓடையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். ஒல்லிக் கத்தி இடுப்பில் இருந்தது. தம்பியின் கத்தியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். சாமி கொட்டகை வாசலில் உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன் சாமி."

"சொல்லுங்க."

"எனக்கு என் கத்தி போதும். இது மடத்துக்கே இருக்கட்டும். ஆசைய விடத்தான வந்தேன். இதையும் விட்டுட்டேன்."

குனிந்து கத்தியைத் தரையில் வைத்தார். பிடி சாமியின் பக்கம் இருக்கும்படி, முறையாக வைத்தார். பிறகு ஓர் அடி பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சாமி கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தார்.

கோமதிநாயகத்துக்குக் கை காலியாக இருந்தது. விட்டுவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்தார், ஆகவில்லை. கருவேலம்பிடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பிடியைத் தம்பிதான் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். "அண்ணே, இது என் கைக்குன்னே செஞ்சது" என்று அன்றைக்கு வரப்பில் சிரித்தானே, அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்றிருந்தது.

"எடுத்துக்கிடுங்க சாமி."

சாமி தன் கையிலிருந்த கத்தியைக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணு இருக்கே அண்ணாச்சி."

"அடுப்படிக்கு ஆகும்லா?"

"அடுப்படியிலயும் இருக்கு."

கோமதிநாயகம் தவித்தார்.

"முறைப்படி கீழதான சாமி வச்சிருக்கேன்? இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

கீழே ரோட்டில் தென்காசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. பாபநாசம் போய் ஆள் ஏற்றிக்கொண்டு, கடையம் வழியாகப் போகிற வண்டி. சாமி தலையைத் தூக்கி அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த கத்தியைப் பார்த்தார்.

"கீழ வச்சா மட்டும் போதாது அண்ணாச்சி. எடுக்கிற ஆளு முன்னால வைக்கணும்."