இட்லி எங்கே போனது?

"அம்மா, பாடம் நடத்துறதையே விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் குணசீலன்.

குணசீலன் ஆசிரமப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். ஐம்பதைத் தாண்டியவர். அவர் 'அம்மா' என்று கூப்பிட்ட ஞானாம்பிகைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதான். ஊரே அவர் காலில் விழும். "எழுந்திருங்க, முட்டி தேஞ்சிடப் போகுது" என்பார்.

அப்போது அவர் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"அஞ்சாம் வகுப்புல சிவரஞ்சனின்னு ஒரு பொண்ணு. படு கெட்டிக்காரி. மத்தியானம் ஆனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுடுறா. ஓமத் தண்ணி குடுத்தாச்சு. மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. வீட்டுக்குப் போனா மட்டும் சரியாயிடுது. பள்ளிக்கூடமே பிள்ளைக்கு ஆகலை, இந்த வாரத்தோட நிறுத்திடறேன்னு அவளைப் பெத்தவ சொல்லிட்டா."

குணசீலன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நான் நடத்துறதோ செரிமான மண்டலம். என் கண்ணு முன்னாடியே ஒரு குழந்தை வயித்து வலியில துடிக்குது. வெட்கமா இருக்கும்மா."

"எங்கே, எனக்கு நடத்துங்க பார்ப்போம். காலையில நான் தின்ன இட்லி எங்க போச்சு?"

குணசீலனுக்குத் தெம்பு வந்துவிட்டது. பல், உமிழ்நீர், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று மடமடவென்று சொன்னார். ஆள் பாடத்தில் புலி. பெருங்குடல் வந்ததும் நின்றுவிட்டார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்மா."

"அப்போ இட்லி இன்னும் உள்ளேயேவா இருக்கு?"

குணசீலன் நெளிந்தார்.

"அதுக்கு மேல சொன்னா பசங்க சிரிக்கிறாங்கம்மா. வகுப்பே கையை விட்டுப் போயிடுது. முன்னால பொம்பளைப் பிள்ளைங்க வேற. கடைசிப் பகுதியை வீட்டுல படிச்சுக்கோங்கன்னு விட்டுடுவேன்."

குரு வாழைத்தண்டு நாரை விரலில் சுற்றி எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் வகுப்புக்கே வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

குணசீலன் பாடத்தை ஆரம்பித்தார். இரைப்பை முடிந்தது. சிறுகுடல் முடிந்தது. முன் வரிசையில் சிவரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. குருவின் கை. இரண்டு விரல்.

ஒரு விரல் என்றால் ஒன்றுக்கு, இரண்டு விரல் என்றால் ரெண்டுக்கு. பள்ளிக்கூடத்தில் காலை வைத்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். இரண்டு விரல் காட்டியவர்களைச் சாயங்காலம் வரை கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள் என்பதும் தெரியும்.

"சார், ரெண்டுக்கு வருது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஊரே விழுந்து கும்பிடுகிற அம்மாவுக்கா! பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். குணசீலனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"போகட்டுமா சார்? அவசரம்."

"போ... போயிட்டு வாங்கம்மா."

குரு எழுந்தார். சிரித்த பிள்ளைகளைப் பார்த்துத் தானும் நன்றாகச் சிரித்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். வாசலில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு, ஓரமாகப் போகாமல், மைதானத்தின் நட்டநடுவே விடுவிடுவென்று நடந்தார். எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கழிவறை வரிசையில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. சிரிக்க என்ன இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

முன் வரிசையில் ஒரு கை மேலே போனது. இரண்டு விரல்.

குணசீலனுக்குச் சட்டென்று புரிந்தது. அடப்பாவி, இத்தனை நாளும் இதுவா!

"ஓடும்மா, ஓடு" என்றார்.

சிவரஞ்சனி அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.