நாலாம் வார்த்தை

பெத்தேல்விளைச் சபையில் போதகருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார் வேதமாணிக்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. அந்தச் சபையின் போதகர் அருள்சிங்குக்கு நாற்பத்தொன்று. போதகருக்குச் சின்ன வயதில் காதைத் திருகி வேதத்துச் சங்கீதங்களைச் சொல்லிக்கொடுத்தவரே உபதேசியார்தான். அதே பையன் இறையியல் படித்து அங்கி போட்டுக்கொண்டு வந்த பிறகு, ஒரு சந்தேகம் என்றால் உபதேசியார் அவரிடம் போய்க் கைகட்டி நின்று கேட்பார். கற்றுக்கொள்கிற இடத்தில் என்ன வயசு வேண்டிக்கிடக்கிறது என்பார். மற்ற விஷயங்களில் கௌரவம் பார்க்கிற ஆள்தான்.

அந்தப் பங்குனியில் அவர் கேட்கப் போனது சின்னச் சந்தேகம் இல்லை. வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது. கிறிஸ்துமஸ் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவுக்கு அவர் பயப்படவில்லை. போகிற இடம் தெரியும், அழைக்கிறவரையும் தெரியும். வலிக்குத்தான் பயந்தார்.

முப்பது வருஷமாக அடக்க ஆராதனைகளில் பேசி வந்தவர் அவர். இன்னார் பாடிக்கொண்டே போனார், இன்னார் சிரித்த முகமாய்ப் போனார் என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டார். பெத்தேல்விளையில் சாகக் கிடக்கிறவர்களுக்கு நோயோடு, பாடிக்கொண்டே சாக வேண்டுமே என்கிற கவலையும் சேர்ந்துகொள்ளும். இப்போது முறை அவருடையது. தனக்கென்று இரண்டு பாட்டும், கடைசியாகச் சொல்ல நாலு வரியும் தயார் செய்து, போகிற வருகிற இடமெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தார். வலி வராதவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் வந்தது.

போதகரின் அறையில் உட்காரக்கூட இல்லாமல் கேட்டார்.

“ஐயா, உசுரோட இருந்தமட்டும் ஏதோ என்னால ஆனது, அவருக்கு மகிமையா இருந்தாச்சு. சாவுலயும் அவர மகிமப்படுத்தணும். வலி தாங்காமக் கத்திட்டேன்னா நான் பிரசங்கிச்சதெல்லாம் பொய்யாப் போயிருமே. எப்படிய்யா சாகணும்?”

மேசைமேல் பெரிய வெள்ளிக்கிழமைக்கான பட்டியல் கிடந்தது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை அன்று மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பேசுவார்கள். தம்முடைய ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புக்கொடுத்த ஏழாம் வார்த்தை எப்போதும் உபதேசியாருக்குத்தான். போதகர் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தார். நாலாம் வார்த்தைக்கு நேரே அதை எழுதினார்.

தேவன் ஏன் தம்மைக் கைவிட்டார் என்று இயேசு கதறியதுதான் நாலாம் வார்த்தை. இத்தனை வருஷத்தில் உபதேசியார் அதன் பக்கமே போனதில்லை.

“நான் கேட்டது வேறய்யா.”

“இதப் பேசுங்க அண்ணாச்சி. பெறகு பாப்போம்.”

உபதேசியாருக்கு மனசு விட்டுப்போயிற்று. சாகப்போகிறவன் ஆசையாய்ப் பேசுகிற ஒரே வார்த்தையையும் பிடுங்கிக்கொண்டானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஆனாலும் குரு சொன்னால் செய்யாமல் இருக்கிறவர் இல்லை. பத்து நாள் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். அது கதறலே அல்ல, அந்த வார்த்தையில் தொடங்கும் பழைய சங்கீதத்தை இயேசு அமைதியாக நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்று மூன்று தலைப்பில் கச்சிதமாய் எழுதி முடித்தார். எழுதி முடித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை அவர் உபவாசம். தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்பது சின்ன வயதிலிருந்து அவர் வைத்திருக்கும் கட்டுப்பாடு. தண்ணீர் இல்லை என்றால் வலி மாத்திரையும் இல்லை. அதை யாரிடமும் சொல்லாமல் வெள்ளை வேட்டியும் சட்டையுமாய்ப் பிரசங்க பீடம் ஏறினார்.

முதல் தலைப்பு நன்றாகவே போனது. இரண்டாவதில் வியர்த்தது. இது வலியில் வந்த சத்தம் அல்ல பிரியமானவர்களே என்று மூன்றாவதை ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்து யாரோ முறுக்கியதுபோல் இருந்தது. நாலு வரியும் இல்லை, பாட்டும் இல்லை.

“ஆண்டவரே, என்னால முடியலியே ஆண்டவரே.”

ஒலிபெருக்கி அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனது. இரண்டு பேர் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, பீடத்துக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வெளியே பாட்டு எழும்பி, அடுத்தவர் ஐந்தாம் வார்த்தையைப் பேசத் தொடங்கினார். உபதேசியார் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவமானமாக இருந்தது.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்ததும் போதகர் உள்ளே வந்தார். உபதேசியாரின் சட்டைப் பையிலிருந்த மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு நீட்டினார். உபவாசம் என்றார் உபதேசியார். போதகர் கையை மடக்கவில்லை. அவர் வாங்கி விழுங்கினார்.

“முப்பது வருசம் சொன்னத ஒரு நிமிசத்துல அழிச்சிட்டேன்யா.”

போதகர் வாய் திறக்குமுன் கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். எலும்புப் புற்றில் இறந்துபோன பால்மணியின் மனைவி ராஜபுஷ்பம். எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடியுமுன்னே எழுந்து போய்விடுகிறவள். ஆறு வருஷமாக அவள் யாரிடமும் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

உபதேசியாருக்குப் பால்மணியின் அடக்கம் ஞாபகம் வந்தது. மூன்று நாள் ஓயாமல் அலறித்தான் பால்மணி செத்தார். கல்லறையில் அந்தக் கடைசி மூன்று நாளைத் தாண்டிக் குதித்து, அவருடைய நல்ல குணங்களை மட்டும் சொல்லி முடித்தவர் இவர்தான். குடும்பத்துக்குத் தலைகுனிவு வேண்டாமே என்று நல்லெண்ணத்தில் செய்தது. எல்லாருக்கும் சொல்கிற ஒன்றைத் தன் புருஷனுக்கு மட்டும் சொல்லவில்லையே என்று ஒருத்தி கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள் என்பது இத்தனை நாளும் அவருக்குத் தோன்றவில்லை.

“உபதேசியாரய்யா, வலியில நீங்க யாரக் கூப்பிட்டிய?” என்று அவள் கேட்டாள்.

“ஆண்டவரத்தாம்மா.”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க வீட்டு அவியளும் அப்படித்தான் கூப்பிட்டாவ. மூணு நாளும் அதே பேருதான். கத்துனதுனால விசுவாசத்த விட்டுட்டுப் போயிட்டாவளோன்னு ஆறு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

உபதேசியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தான் சொல்லாமல் விட்டது தப்பு என்றார். மன்னிக்கச் சொல்லிக் கைகூப்பினார். அவள் பதறிப்போய், நீங்க உட்காருங்க என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்த முன்வாசல் வழியாகவே போனாள்.

மாத்திரைக்கு வலி கேட்க ஆரம்பித்திருந்தது. உபதேசியார் போதகரிடம் கேட்டார்.

“சாகும்போதும் இப்படிக் கத்திட்டேன்னா?”

“அப்ப யாரக் கூப்பிடுவிய?”

“அவர விட்டா எனக்கு வேற யாருய்யா இருக்கா?”

“அப்படின்னா நல்லாச் சத்தமாவே கூப்பிடுங்க அண்ணாச்சி. கடைசி வரிசைக்கும் கேக்கட்டும்.”