பூசணிக்காய்க்குக் கண் கட்டிய ஆய்வகம்

மூளைக்கு வேலை வைக்காதவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. முகிலூர்க் குன்றின் ஒளி ஆய்வகத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: தலைமை உதவியாளர் தணிகாசலம், அவருக்குக் கீழே கோதண்டம், அவருக்கும் கீழே செங்கேணி. மூவரும் நிரந்தர ஊழியர்கள். அதனால் அவர்களை யாரும் எதுவும் செய்ய முடியாது.

விஞ்ஞானி பூங்கோதை மேடம் எதிர்மலையில் ஒளிவாங்கிக் கருவியோடு காத்திருந்தார். பக்கத்தில் மேலதிகாரி, கையில் பூட்டோடு. குன்றிலிருந்து புறப்படும் ஒளி, பிணைப்புக் குலையாமல் இன்று வந்து சேராவிட்டால் ஆய்வகத்தை இழுத்து மூடிவிடுவார். பாவம், ஒளியிலேயே டெல்லிவரை சேதி அனுப்பிவிட வேண்டும் என்ற மேடத்தின் பத்து வருட உழைப்பு.

கிளம்பும்போது மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "ஒளித்துகள் ஜோடி ஜோடியாப் பிறக்கும். ஒண்ணு இங்கேயே இருக்கும், ஒண்ணு அங்கே வரும். ரெண்டுக்கும் ஒரு பிணைப்பு உண்டு. வழியில யாராவது பார்த்தா அறுந்துடும். தூரம் போகப் போகத் தளரும். ஜாக்கிரதை!"

"பார்த்தாலே அறுந்துடுமாமே. இது கண் திருஷ்டிதான்," என்றார் தணிகாசலம், மிகுந்த கவலையோடு.

உடனே ஒளி வெளியே போகும் துவாரத்துக்கு முன்னால் ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டினார்கள். கோரைப்பல், மீசை, முட்டைக்கண் எல்லாம் அம்சமாக அமைந்திருந்தன.

கோதண்டம் திடுக்கிட்டார். "அண்ணே, பூசணிக்கே கண்ணு வரைஞ்சு வச்சிருக்கோமே. அது பார்க்குதே!"

மூவரும் ஆழ்ந்து யோசித்து, பூசணிக்காயின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள்.

போன் அடித்தது. "ஒளி வரலையே!"

"வராது மேடம். பூசணிக்குப் பின்னால பத்திரமா இருக்கு. ஒரு ஈ காக்கா பார்க்கலை," என்றார் தணிகாசலம்.

மேடம் போட்ட சத்தத்தில் பூசணி இறங்கியது. ஒளியும் போனது. ஆனால் பிணைப்பு போதவில்லை. "வலுப்படுத்துங்கய்யா! சார் பூட்டோட கிளம்பிட்டார்," என்றார் மேடம், அழாத குறையாக.

"தூரம்தானே தளர்த்துது?" என்றார் செங்கேணி. "அந்தத் தூரத்தை எடுத்துட்டா?"

இப்படி ஒரு யோசனை அந்த ஆபீசில் அதுவரை பிறந்ததில்லை. ஜீப் பறந்தது. மேடம் கத்தக் கத்த ஒளிவாங்கியைத் தூக்கி வந்து, ஒளி புறப்படும் மேஜையிலேயே எதிரெதிரே வைத்தார்கள். பின்னாலேயே மேடமும் அதிகாரியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

கருவியின் முள் நூறில் போய் நின்றது. அதிகாரி பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சபாஷ்! துளிகூடத் தளரலையே!"

"சார், நடுவுல ஒரு முழம்கூட இல்லையே சார்! டெல்லிக்கு எப்படிச் சேதி அனுப்புறது?" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி சற்று யோசித்தார்.

"இதுல என்னம்மா கஷ்டம்? டெல்லிக்காரங்களை இங்கே வரச் சொல்லுங்க. வந்ததும் அனுப்பிடலாம்."