ஒட்டுக்கேட்காத செவி

தைலம்மை அம்மையாரின் கதையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. அம்மையாரின் அன்பில் ஐயம் இல்லை.

திருவெறும்பூர் மலைமேல் இருக்கும் எறும்பீசர், எறும்புகள் ஏறி வந்து பூச்சூட்டுவதற்காகத் தம் திருமேனியைச் சாய்த்துக் கொடுத்தவர். அந்த மலையடியில், காது மிஷின் செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் அம்மையார் வேலை பார்த்தார். முடிந்து வரும் ஒவ்வொரு மிஷினையும் காதில் வைத்துப் பேசிப் பார்த்து, ஒலி தெளிவாக இருந்தால் பெட்டியில் இடுவது அவர் பணி. மற்றவர்கள் "ஹலோ, ஹலோ" என்பார்கள். அம்மையார் "சிவாயநம" என்பார். கருவிக்குள் முதலில் புகும் சொல் இறைவன் பெயராக இருக்க வேண்டும் என்பது அவர் நோன்பு.

"யக்கா, வாங்குறவரு எங்க சர்ச்சு ஆளா இருந்தா என்ன பண்ணுவ?" என்று பக்கத்து மேசை ஜெபமணி சீண்டுவார்.

"உங்க பாட்டும் அவருக்கு நல்லாக் கேக்கட்டும்னுதான்டி சொல்லி அனுப்புறேன்."

கம்பெனியைத் தொடங்கிய பெரியவர், காது கேளாத தம் தாய்க்காகவே முதல் மிஷினைச் செய்தவர். இல்லாதவர்க்கும் கேட்க வேண்டும் என்பதொன்றே அவர் எண்ணம். அவர் மறைந்தபின் மகன் கந்தப்பன் பொறுப்பேற்றார். வியாபாரம் நலிந்திருந்தது. அப்போது ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து ஆர்டர் வந்தது. மிஷினைச் சற்று மாற்றித் தர வேண்டும். தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசுவதை முதலாளிகள் மறைவாகக் கேட்பதற்கு.

அந்த மிஷின்கள் மேசைக்கு வந்தன. அம்மையார் ஒன்றையும் தொடவில்லை.

"என்ன தைலம்மா, கை ஓடலையா?" என்றார் கந்தப்பன்.

"இதுல அவரு பேரை எப்படித் தம்பி சொல்லுவேன்? கேக்காதவங்களுக்குக் கேக்கணும்னு உங்கப்பா செஞ்சது. ஒளிஞ்சு கேக்குறதுக்கில்ல."

"சாமி பேரு வேணாம், ஹலோன்னு சொல்லுங்க. முடியலேன்னா கிளம்புங்க."

அம்மையார் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியேறினார். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. வேறு வருமானமும் இல்லை. மலைப்படிகளைப் பெருக்கினார். கோயிலில் கிடைத்ததை உண்டார். கிடைக்காத நாளும் இருந்தது.

"வேலைய விட்டுட்டு வந்தியே, உன் சாமி சோறு போடுறாரா?" என்று படியேறுவோர் கேட்பார்கள்.

"அவருக்கு ஞாபகம் வர்றப்போ போடட்டும்" என்று சிரிப்பார்.

கம்பெனியில் கந்தப்பன் தாமே மிஷின்களைச் சோதித்தார். எதிரில் நின்று ஆட்கள் பேசிய எதுவும் கேட்கவில்லை. எடுத்த மிஷினில் எல்லாம் ஒரே குரல்: "சிவாயநம." பிரித்துப் பார்த்தார், பாகங்களை மாற்றினார். அதே குரல். ஜெபமணியின் காதில் வைத்தார்.

"ஐயோ, எங்க யக்கா!" என்று அவர் அழுதுவிட்டார்.

கந்தப்பன் ஒரு மிஷினை எடுத்துக்கொண்டு மலையேறினார்.

"நீங்க இதைத் தொடவே இல்லையேம்மா. எல்லாத்துலயும் உங்க குரல்தான் கேக்குது."

அம்மையார் அதை வாங்கித் தம் காதில் வைத்தார். துடைப்பம் கைநழுவி விழுந்தது.

"என்னம்மா கேக்குது?"

"எம் பேரு, தம்பி. தைலம்மைன்னு கூப்பிடுறாரு."

கந்தப்பன் ஆர்டரைத் திருப்பி அனுப்பினார். கம்பெனி பெரிதாக வளரவில்லை, மூடப்படவும் இல்லை. காது மிஷின் மட்டுமே செய்கிறது. அம்மையார் தம் மேசைக்குத் திரும்பி, முதுமைவரை பணி செய்து, எறும்பீசர் திருவடி சேர்ந்தார். அந்த மேசையில் இப்போது ஜெபமணி இருக்கிறார். ஒவ்வொரு மிஷினிலும் "ஸ்தோத்திரம்" என்கிறார், யாரும் சீண்டுவதில்லை.

எறும்புக்குச் சாய்ந்தவரைத் தம் பக்கமும் சாயவைத்த அம்மையாரின் அன்பு வாழ்க.