களவு போன எழுத்து

முன்னொரு காலத்தில், மன்னருக்கு ஓர் எண்ணம் தோன்றிவிட்டால் அன்று சபையில் ஒருவருக்கும் சோறு இறங்காது என்றிருந்த ஒரு நாட்டைச் சேதிராயர் என்னும் மன்னர் ஆண்டுவந்தார்.

அந்தச் சபையின் தலைமை ஆசான் வாகீச பண்டிதர். ஏழு தலைமுறையாக அந்த நாட்டுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த குடும்பம் அவருடையது. நிமிர்ந்த முதுகோடு சபைக்குள் நுழைவார். நிமிர்ந்த முதுகோடே வெளியேறுவார். வணங்குவதற்கு மட்டும், அதுவும் மன்னர் முன்னால் மட்டும், சற்றே வளைவார்.

அப்படிப்பட்டவரின் நெஞ்சில் ஆறு மாதமாக ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பெயர் கூத்தையன்.

கூத்தையன் சபையின் விகடகவி. வாயைத் திறந்தால் மன்னர் சிரிப்பார். பாட்டுக் கட்டினால் மன்னர் அழுவார். கலைமகள் விழாவன்று தாம்பூலத் தட்டு எப்போதும் முதலில் பண்டிதரிடம்தான் வரும். அந்த ஆண்டு மன்னர் ஏதோ ஞாபகத்தில் கூத்தையனிடம் முதலில் நீட்டிவிட்டார்.

"என்ன பண்டிதரே, வெற்றிலை கொஞ்சம் வாடி வந்தது போலிருக்கிறதே?" என்று காதருகே கேட்டார் பொக்கிஷதாரர். பண்டிதர் அதை மென்றார். விழுங்க முடியவில்லை.

கூத்தையன் எங்கே படித்தான் என்று விசாரித்தார். பண்டிதரின் தந்தையிடம் படித்த நல்லபெருமாள் என்பவர் பிழைப்புக்காக உப்பு வண்டிகளோடு போனாராம். வழியில் வண்டிக்காரர் மகனான இவனுக்கு, கொட்டிக்கிடந்த உப்பைப் பரப்பி, அதில் விரலால் எழுதிக் காட்டினாராம். 'உப்பில் படித்த பயலுக்கா முதல் தாம்பூலம்!' என்று பண்டிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காத்திருந்த நாளும் வந்தது. மாடு திருடிய ஒருவனின் வழக்கு சபைக்கு வந்தது. "களவு போன பொருள் உடையவன் கைக்கே திரும்ப வேண்டும்!" என்று தீர்ப்புச் சொன்ன மன்னருக்குத் தம் தீர்ப்பின் மேலேயே மோகம் பிறந்துவிட்டது. "வேறு யாருடைய பொருளாவது களவு போயிருக்கிறதா? இன்றே மீட்டுத் தருகிறேன்!" என்று மீசையை முறுக்கினார்.

பண்டிதர் எழுந்தார்.

"போயிருக்கிறது, மகாராஜா. இந்த நாட்டில் எழுத்து என்பது எங்கள் குடும்பச் சொத்து. கேட்டு, தட்சிணை வைத்து, எங்கள் பள்ளியில் உட்கார்ந்து பெற்றவர்களுக்கே அது சொந்தம். இந்தக் கூத்தையன் கேட்கவில்லை, தட்சிணை வைக்கவில்லை, எங்கள் வாசலை மிதிக்கவும் இல்லை. களவாடியிருக்கிறான். திருப்பித் தரட்டும்!"

சபை திகைத்தது. மன்னருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "நியாயம்! கூத்தையா, பொழுது சாய்வதற்குள் பண்டிதரின் எழுத்தை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லை தாண்டிப் போய்விடு."

"ஓர் எழுத்துகூட மிச்சம் வைக்காமல்," என்றார் பண்டிதர். "'பெற்றுக்கொண்டேன்' என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும்."

கூத்தையன் கைகூப்பினான். "அப்படியே ஆகட்டும், சுவாமி. ஒரே ஒரு சந்தேகம். உங்கள் பள்ளியில் எழுத்தை எப்படிக் கைமாற்றுவீர்கள்? முறை தவறிவிடக் கூடாதே."

குடும்பப் பெருமை கேட்கப்பட்டதும் பண்டிதருக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது. "கொடுப்பவன் பலகை மேல் இருப்பான். பெறுபவன் தரையில் அமர்வான். கொடுப்பவன் சொல்ல, பெறுபவன் திருப்பிச் சொல்லி மணலில் எழுதுவான். எங்கள் பாட்டனார் வகுத்த முறை. அதில் அணுவளவும் மாற்றம் கிடையாது."

மாலையில் கூத்தையன் சபை நடுவே மணலைப் பரப்பினான். ஒரு பலகை போட்டு அதில் ஏறிச் சம்மணமிட்டான்.

"வாருங்கள் சுவாமி. தரையில் உட்காருங்கள்."

பண்டிதருக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டு ஆண் ஒருவரும் வெளியாள் முன் தரையில் உட்கார்ந்து எழுத்துக் கற்றதில்லை. உட்கார்ந்தால் அவர் உப்பு வண்டிக்காரன் மகனுக்கு மாணவர். மறுத்தால், கொடுக்க வந்ததைத் தாமே வாங்காதவர்.

"உட்காரும், பண்டிதரே," என்றார் மன்னர். "முறை உம்முடையதுதானே!"

பண்டிதர் உட்கார்ந்தார். பொக்கிஷதாரர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கள். 'அ'."

பண்டிதர் மணலை முறைத்தார்.

"வெட்கப்படாதீர்கள், முதல் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். எங்கே, 'அ'."

"அடே!" என்று வெடித்தார் பண்டிதர். "எனக்கா 'அ' தெரியாது? அது என்னிடம் இல்லாமலா போயிற்று!"

கூத்தையன் பலகையிலிருந்து குதித்தான். "மகாராஜா, கேட்டீர்களா? பொருள் அவரிடமே இருக்கிறதாம்! காலையில் மாட்டுக்காரர் அழுதாரே, அவர் கொட்டில் காலியாகக் கிடந்தது. இவர் கொட்டிலில் மாடு நிற்கிறது, கன்றும் நிற்கிறது. பிறகு என்னதான் களவு போனது?"

மன்னர் தாடையைத் தடவினார். "அதானே! பண்டிதரே, உங்கள் வீட்டு முதல் ஆசானுக்கு எழுத்தைக் கொடுத்தது யார்?"

பண்டிதர் பொய் சொல்லும் குடியில் பிறந்தவர் அல்லர். "மழைக்கு ஒதுங்கிய ஒரு வழிப்போக்கர், மகாராஜா. ஊர் தெரியாது, பெயரும் தெரியாது."

"தட்சிணை?"

"ஒரு வேளைச் சோறு." எத்தனையோ விழாக்களில் அவர் பெருமையோடு சொன்ன கதைதான் அது.

"அவர் திருப்பிக் கேட்டு வந்திருந்தால் இந்த நாட்டின் கதி என்ன? என் ஓலையைப் படிக்கக்கூட ஆளிருக்காதே!" மன்னர் சிரிக்கத் தொடங்கினார். "கூத்தையா, உன் பழி நீங்கியது. வேண்டியதைக் கேள்."

"அயலூர்ச் சபைகளில் எந்தப் பள்ளி என்று கேட்டால், நல்லபெருமாளைப் படிக்க வைத்த வாகீசர் வீட்டுப் பள்ளி என்றுதான் சொல்லிவருகிறேன். பண்டிதர் ஒருமுறை அதற்கு 'ஆம்' சொல்லட்டும். அது போதும்."

பண்டிதர் அவனை நிமிர்ந்து பார்த்தார். மன்னரை அழவைத்த அந்தப் பாட்டுகள், அயல்நாட்டுப் புலவர்கள் வாயடைத்து நின்ற அந்த வரிகள் எல்லாம் தம் தந்தை போட்ட விதையா? ஆறு மாதமாகத் தாம் பொறாமைப்பட்டது தம் வீட்டு விளைச்சலின் மேலா?

எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். முதுகை நிமிர்த்தினார்.

"ஆம். இவன் எங்கள் வீட்டு மாணவன்தான். இல்லாவிட்டால் இவனுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வரும்?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. கூத்தையனுக்குப் பொன்னும், உப்பு வண்டிகள் தங்கும் ஊரில் வாகீசர் பெயரிலேயே ஒரு பள்ளி நடத்த நிலமும் கொடுத்தார்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை என்ற செய்தி ஒரு மாதத்தில் பண்டிதரின் காதுக்கு வந்தது. அன்று அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும், 'யார் மகன் நீ?' என்று கேட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவந்த தம் வாயிற்காவலனை அழைத்து, "உனக்கு இனி இங்கே வேலை இல்லை, தோட்டத்தைப் பார்," என்றார்.

இதைக் கேட்டு மன்னர் மறுபடியும் சிரித்தார். பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் நின்று, வரும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.